போர்டு இல்லாத களிக்கடை: மணி ஒன்றரை வரைக்கும் வயிறு கம்முன்னு கெடந்த கதை

மொதல்லயே சொல்லிப்போடறேன், இந்தக் கடைக்கு போர்டு கெடையாது, மேப்புல தேடுனாலும் வராது. திருப்பூர்ல இருந்து காங்கேயம் ரோட்டைப் புடிச்சு நல்லூர் தாண்டி வந்தீங்கன்னா ஒரு பஞ்சர் கடை, அதை ஒட்டுனாப்ல ஒரு வேப்பமரம், மரத்தடியில தகரக் கொட்டாய், ரெண்டு பெஞ்சு, ஒரு பெரிய அடுப்பு. அவ்வளவுதாங்க. பேருன்னு கேட்டா "அக்கா கடை"ம்பாங்க. இந்தப் பக்கத்துல அக்கா கடை எப்படியும் இருவது இருக்கும், அதனால களிக்கடைன்னு கேளுங்க, லோடு வண்டிக்காரங்க வழி சொல்லுவாங்க.

ருசி எப்படி, ஆம்பியன்ஸ் எப்படின்னு எழுதறதுக்கு நெறைய பேரு இருக்காங்க. நான் இந்தக் கடைக்கு மார்க் போடறது ஒரே ஒரு விசயத்துக்குத்தான், காத்தால எட்டு மணிக்குத் தின்னது எத்தன மணி வரைக்கும் தாங்குது. ஏன்னா நான் பனியன் கம்பெனில செக்கிங் பாக்கறவன், எட்டரைக்கு உள்ள போனா ராவு எட்டரை வரைக்கும், ஒன்றரை ஷிப்ட்டு. பதினோரு மணிக்கு டீ, ஒரு மணிக்குச் சோறு. நடுவுல பசிச்சா கையில இருக்கற பீஸ்ல ஓட்டை இருக்குதா கறை இருக்குதான்னு கண்ணுக்கே தெரியாது, எல்லாமே இட்லி மாதிரிதான் தெரியும்.

இதுக்கு முன்னாடி ரெண்டு வருசமா கம்பெனிக்குப் பக்கத்துல ஒரு டிபன் கடைலதான் சாப்பாடு. மூணு பூரி ஒரு செட்டு, இல்லாட்டி நாலு இட்லி ஒரு வடை. தின்ன ஒடனே வயிறு ரொம்புன மாதிரிதான் இருக்கும், ஆனா பத்தே முக்காலுக்கெல்லாம் உள்ள ஏதோ சொரண்ட ஆரம்பிச்சுரும், பதினோரு மணிக்கு டீ பெல் அடிச்சதும் நேரா பேக்கரிக்கு ஓடி ஒரு பப்ஸு, ஒரு தேங்காய் பன்னு, ஒரு டீ. நம்ம ஊரு பேக்கரியப் பத்தித் தெரியுமில்லீங்க, மூணு கட்டடத்துக்கு ஒன்னு இருக்கும். அம்பது ரூவா அங்க போயிரும். மாசத்துக்கு கணக்குப் போட்டா ஆயிரத்தைத் தாண்டுது, இந்தப் பேன்ட்டு இடுப்பு வேற ரெண்டு இஞ்சு ஏறிப்போச்சு.

ஒரு நாளு வண்டி பஞ்சர். நிறுத்துன எடம்தான் இந்த வேப்பமரம். பஞ்சர் ஒட்ட அரைமணி நேரம் ஆகும்னாரு, சரின்னு பெஞ்சுல ஒக்காந்தேன்.

அந்த அக்கா களி கிளறறதப் பாக்கறதுக்கே காசு குடுக்கலாம். உலையில மொதல்ல ஒரு கை நொய்யரிசி போட்டு வேக விட்டுருது. அது வெந்து கொழையற பதத்துல ராகி மாவை நடுவுல மலை மாதிரி கொட்டி, துடுப்புக் காம்பால நடுவுல ஒரு ஓட்டை போட்டு, மூடி வெச்சுட்டு அந்தப் பக்கம் போயி வெங்காயம் உரிக்குது. நானா இருந்தா பயந்துகிட்டு ஒடனே கிளறி கட்டி கட்டியா பண்ணிருப்பேன். அந்த ஓட்டை வழியா தண்ணி கொதிச்சு மேல வந்து மாவெல்லாம் ஆவியிலயே வேகற வரைக்கும் அது திரும்பிக்கூடப் பாக்கல. பொறவு வந்து சட்டிய ரெண்டு காலுக்கு நடுவுல துணி வெச்சு இறுக்கிகிட்டு துடுப்பைப் போட்டுக் கிளறுச்சு பாருங்க, தோள்பட்டை ரெண்டும் ஆடுது. கைய தண்ணில நனைச்சு களியத் தொட்டுப் பாத்துச்சு. கைல ஒட்டல. "ஆச்சு கண்ணு, வட்டலை நீட்டு"ன்னு ஒரு உருண்டை. உருண்டைன்னா சும்மா இல்லீங்க, சின்னத் தேங்காய் அளவு. நடுவுல குழி பண்ணி அதுல கொள்ளு கடைஞ்சது ரெண்டு கரண்டி, ஓரத்துல சின்ன வெங்காயம் நாலு, கேட்டா ஒரு வேகவெச்ச முட்டை. களியும் கடைசலும் 40 ரூவா, முட்டை 10.

நான் மென்னு திங்க ஆரம்பிச்சேன். பக்கத்துல ஒக்காந்திருந்த லோடு அண்ணன் ஒருத்தரு சிரிச்சுப்போட்டு, "தம்பி, களிய மெல்லக் கூடாது, பல்லுல ஒட்டிக்கும், கொள்ளுல தோச்சு அப்படியே முழுங்கோணும்"னாரு. எங்க அமுச்சியும், அதாங்க அம்மாவப் பெத்த பாட்டி, இதேதான் சொல்லும், மறந்தே போயிருந்தேன்.

அன்னிக்கு பதினோரு மணிக்கு பெல் அடிக்குது, எல்லாரும் எந்திரிக்கறாங்க, நான் மட்டும் ஒக்காந்திருக்கேன். டீ மட்டும் போதும்னு தோணுச்சு. ஒரு மணிக்கு சோத்துப் போசியத் தொறக்கறப்பக்கூட பெருசா பசியில்ல, ஒன்றரைக்குத்தான் பசிக்கவே ஆரம்பிச்சுது. சரி ஒரு நாள் கூத்துன்னு விட்டுட்டேன். அடுத்த நாளும் அப்படியே. அப்பறம்தான் போன்ல நோட்ஸ்ல குறிக்க ஆரம்பிச்சேன், மூணு வாரம், என்ன தின்னேன், எத்தன மணிக்கு நெசமா பசிச்சுது. பூரி செட்டு 11.15. நாலு இட்லி வடை 10.50. ரவா தோசை 10.40, இதுதான் இருக்கறதுலயே மோசம். களியும் கொள்ளும் 1.30, முட்டையும் சேத்துனா ரெண்டு மணி. இதே அக்கா கடை கம்மங்கூழு ஒரு சொம்பு மோரு ஊத்தி, கூட ரெண்டு மோர் மொளகா, 12.20. இது விஞ்ஞானம் கிஞ்ஞானம் ஒன்னும் இல்லீங்க, ஒரு ஆளு, ஒரு வயிறு. ஆனா வித்தியாசம் அவ்வளவு பெருசா இருக்கறப்ப ஏன்னு கேக்காம இருக்க முடியல, ராவெல்லாம் ஒக்காந்து படிக்க ஆரம்பிச்சுட்டேன்.

பாத்தா நான் போன்ல கிறுக்குன இதே வேலைய 1995லயே ஆஸ்திரேலியால சிட்னி யுனிவர்சிட்டில சுசானா ஹோல்ட்டுன்னு ஒரு அம்மாவும் அவங்க கூட்டாளிகளும் ஒழுங்கா பண்ணி வெச்சிருக்காங்க. 38 வகை சாப்பாடு. எல்லாத்தையும் 240 கலோரி வர்ற மாதிரி அளந்து குடுத்து, ரெண்டு மணி நேரம், கால்மணிக்கு ஒருக்கா "இப்ப வயிறு எப்படி இருக்குது"ன்னு கேட்டுக் குறிச்சு, கடைசில பஃபே மாதிரி வெச்சு எவ்வளவு திங்கறாங்கன்னு வேற பாத்திருக்காங்க. வெள்ளை பிரெட்டுக்கு 100 மார்க்குன்னு வெச்சுகிட்டு மத்ததுக்கெல்லாம் அதை வெச்சு மார்க். மொத எடம் எதுக்குன்னு நெனைக்கறீங்க? கறி இல்ல, முட்டை இல்ல. தண்ணில வேகவெச்ச உருளைக்கெழங்கு, 323. கடைசி எடம் குரோசான்ட்டு, அதாங்க வெண்ணெய் போட்டு அடுக்கடுக்கா பண்ற ரொட்டி, நம்ம பேக்கரி பப்ஸுக்கு ஒறம்பரை, அதுக்கு வெறும் 47. கேக்கு 65. இதைப் படிச்சதும் ரெண்டு வருசமா பதினோரு மணிக்கு நான் ஓடுன ஓட்டமெல்லாம் கண்ணு முன்னால வந்துருச்சு. பசிக்குதுன்னு போயி, பசிய அடக்கறதுக்கு லாயக்கே இல்லாததா பொறுக்கி பொறுக்கித் தின்னிருக்கேன்.

உருளைக்கெழங்கு விசயம் இன்னும் வேடிக்கை. வேகவெச்சா 323, அதையே ஃபிரெஞ்சு ஃப்ரைஸா எண்ணெய்ல போட்டா 116, சிப்ஸா சீவிப் பொரிச்சா 91. கெழங்கு ஒன்னுதான், பண்ணது வேற. காரணம் பெரிய ரகசியம் இல்ல, 240 கலோரிக்கு வேகவெச்ச கெழங்கு 350 கிராமுக்கும் மேல திங்கோணும், குரோசான்ட்டு 60 கிராம் தின்னா அதே கலோரி முடிஞ்சுது. வயித்துக்கு கலோரி எண்ணத் தெரியாது, அதுக்குத் தெரிஞ்சது கனம். எவ்வளவு உள்ள வந்துச்சு, எவ்வளவு விரிஞ்சேன், அதைத்தான் அது நரம்பு வழியா மூளைக்குச் சொல்லுது. அந்த ஆராய்ச்சிலயும் மார்க்குக்கும் சாப்பாட்டு எடைக்கும்தான் நெருக்கமான சம்பந்தம் இருந்துச்சு, அதுக்கு அடுத்து புரோட்டீன், நார்ச்சத்து, தண்ணி. கொழுப்பு ஏற ஏற மார்க் எறங்குது. நாக்குக்கு எது ரொம்ப ருசியா இருந்துச்சோ அதுவும் மார்க் கொறச்சலாத்தான் வாங்கிருக்கு, இதுல மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

இப்ப நம்ம களிக்கு வர்றேன். அந்தப் பட்டியல்ல களி கெடையாது, கூழ் கெடையாது, கொள்ளு கெடையாது. சிட்னிக்காரங்களுக்கு என்ன தெரியும். ஆனா கணக்கு நாமளே போட்டுப் பாக்கலாம். ராகி மாவு 100 கிராம் சுமாரா 320 கலோரி. அக்கா ஒரு படி மாவுக்கு ரெண்டரை படி தண்ணிங்குது. அப்ப அந்த 100 கிராம் மாவு களியாகி வர்றப்ப 300 கிராமுக்கு மேல நிக்கும். அதாவது 100 கிராம் களில கிட்டத்தட்ட 100 கலோரிதான். பூரி அதே எடைக்கு மூணு மடங்குக்குப் பக்கமா போகும், அது குடிச்ச எண்ணெய் அப்படி. நான் பூரி மூணு தின்னப்ப உள்ள போன எடை நூறு நூத்தி இருவது கிராம், களி உருண்டை ஒன்னு கால் கிலோவுக்கு மேல.

அப்படின்னா பூரி தின்னுட்டு ஒரு சொம்பு தண்ணி குடிச்சா சரியாப் போச்சில்ல, எடை வந்துருதேன்னு எனக்கும் தோணுச்சுங்க. இதுக்கும் ஒரு பதில் இருக்குது. அமெரிக்கால பென்சில்வேனியா ஸ்டேட் யுனிவர்சிட்டில பார்பரா ரோல்ஸுன்னு ஒருத்தங்க, 1999ல, கோழியும் அரிசியும் போட்ட ஒரு பண்டத்தை மூணு விதமா குடுத்துப் பாத்திருக்காங்க. ஒரு தடவ அப்படியே. ஒரு தடவ அதே பண்டம், கூட ஒரு கிளாஸ் தண்ணி. ஒரு தடவ அந்தத் தண்ணிய அதுக்குள்ளயே ஊத்தி சூப்பா. பொறவு மத்தியானச் சோறு போட்டுப் பாத்தா, தண்ணிய தனியா குடிச்சவங்க வழக்கம்போலத்தான் தின்னாங்க, சூப்பா குடிச்சவங்க மட்டும் சுமார் 100 கலோரி கொறைவா தின்னாங்க. தனியா குடிக்கற தண்ணி வயித்துல நிக்காம ஒழுகி ஓடிருது, சாப்பாட்டுக்குள்ள வெந்து கலந்த தண்ணி சாப்பாடாவே இருந்து மெதுவாத்தான் எறங்குது. களி என்னங்க, அந்த நொய்யும் மாவும் கொதி தண்ணிய உறிஞ்சி புடிச்சு வெச்சுக்கறதுதான. கூழும் அதேதான். எங்க அமுச்சி பூண்டு உரிச்சுகிட்டே "தண்ணிய சோத்துக்குள்ள கட்டி வெக்கோணும் சாமி"ன்னு சொல்லல, சொல்லிருந்தா இந்த எடத்துல நல்லா இருந்திருக்கும். அது சொன்னது வேற. அது சாப்பாட்டை வேலையில அளக்கும். கம்மஞ்சோறு தின்னா எருமைக்கு மத்தியானத் தண்ணி காட்டற வரைக்கும் தாங்கும், களி தின்னா பொழுதோட கட்டுத்தரைக்கு மாடு திரும்பற வரைக்கும் தாங்கும், நெல்லஞ்சோறு தின்னா ரெண்டு பாத்தி களை வெட்டறதுக்குள்ள கை ஓஞ்சுரும். அந்தக் காலத்துல நெல்லுச்சோறே நோம்பிக்கும் ஒறம்பரைக்கும்தான், அதனால அதுமேல இருந்த ஆசையில இப்படிப் பேசுச்சோ என்னமோ.

ஒரு எடத்துல மட்டும் எனக்கு இடிச்சுது. மெதுவா மென்னு தின்னா சீக்கிரம் வயிறு ரொம்புன உணர்வு வரும், வேகமா முழுங்குனா மூளைக்குச் சேதி போறதுக்குள்ள நெறைய உள்ள போயிரும்னு எல்லாரும் சொல்றாங்க, அது நெசமுந்தான். ஆனா களி மெல்லவே கூடாத சாப்பாடு! அப்பறம் எப்படித் தாங்குது? எனக்குத் தோணறது, அதை வேகமாவும் முழுங்க முடியாது. சூடு அப்படி. ஒரு வாய் எடுத்து, உருட்டி, குழிலே தோச்சு, வாய்ல போட்டு, எறங்கற வரைக்கும் காத்திருந்து, மூச்சு விட்டு, அடுத்த வாய். நான் ஒரு உருண்டை முடிக்க பதினாறு பதினேழு நிமிசம் ஆகுது, பூரி மூணும் நாலே நிமிசத்துல காணாமப் போயிரும்.

கொள்ளு இல்லாம வெறும் களியும் ஒரு நாள் தின்னு பாத்தேன், சக்கரை தொட்டுக்கிட்டு, பன்னெண்டேகாலுக்குப் பசிச்சுருச்சு. அப்ப மீதி ஒன்னேகால் மணி நேரம் கொள்ளோட வேலை. ஐதராபாத்துல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல போட்ட பட்டியல்ல பாத்தா கொள்ளுல 100க்கு 21 கிராமுக்கு மேல புரோட்டீன், ராகில 7 கிராம்தான், தீட்டுன பச்சரிசில 8க்குக் கொஞ்சம் கம்மி. அதாவது புரோட்டீன்ல ராகி அரிசியவிட ஒசத்தி ஒன்னும் இல்ல, இதை அந்த சிறுதானியம் விக்கறவங்க யாரும் சொல்ல மாட்டாங்க. ராகி ஜெயிக்கறது நார்ச்சத்துல, 11 கிராம், அரிசில 3 கூட இல்ல. கம்புல புரோட்டீனும் 11, நாரும் 11. புரோட்டீனும் கொழுப்பும் குடலுக்குள்ள எறங்குனதும் அங்க இருந்து சில ஹார்மோன் சொரக்குது, போதும் நிறுத்துன்னு மூளைக்குச் சொல்றதும், வயித்தை மெதுவா காலி பண்ணுன்னு சொல்றதும் அதுங்கதான். அதுல ஒன்னு ஜிஎல்பி-1. இப்ப ஒடம்பு எளைக்க ஊசி ஊசின்னு பேசிக்கறாங்களே, செமாகுளூடைடு, அது இந்த ஹார்மோன் மாதிரியே நடிக்கற மருந்துதான். அதுக்காக கொள்ளு கடைசல் ஊசிக்குச் சமம்னு எவனாச்சும் ஃபார்வேர்டு பண்ணீங்கன்னா நான் பொறுப்பில்ல.

செவ்வாய்க்கெழமையும் வெள்ளிக்கெழமையும் அக்கா கடைல அரிசிம்பருப்பு சாதம். கோயமுத்தூர்ப் பக்கம் எல்லார் ஊட்டுலயும் வாரத்துல ஒரு நாள் பண்றதுதான், ஆனா இது அடுப்புல வெறகு வெச்சுப் பண்றது, சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசு முழுசா கெடக்கும், மேல ஒரு கரண்டி நெய்யி. சத்தியமா சொல்றேன், இந்தக் கடைல ருசின்னா இதுதான் மொதல் எடம். தாங்கற நேரம்? 12.30. பருப்பு போட்டிருக்கே, களிய மிஞ்சும்னு நெனச்சேன். அந்த சிட்னி பட்டியல்லயும் பருப்புக்கு 133தான், வெள்ளைச் சோறு 138. பருப்புன்னா பயில்வான்னு நம்பிட்டிருந்த எனக்கு இது மொகத்துல தண்ணி அடிச்ச மாதிரி. ஆனா ஒன்னு, ஒரு சாப்பாட்டுக்கு 11ல இருந்து 13 பேரத்தான் வெச்சுப் பாத்திருக்காங்க, அஞ்சு மார்க் முன்ன பின்ன இருக்கறதுக்கெல்லாம் சண்டை போடறதுல அர்த்தமில்ல. 47க்கும் 323க்கும் நடுவுல இருக்கற தூரம்தான் கணக்கு.

இங்க ஒரு வயித்தெரிச்சலையும் எழுதிப்போடறேன். இந்தக் களி மோகத்துல, கோயமுத்தூர் போனப்ப ஏசி போட்ட சிறுதானிய ஓட்டல் ஒன்னுக்கு என்ற ஊட்டுக்காரியக் கூட்டிட்டுப் போனேன், பேரு வேண்டாம். 2023ஐ உலக சிறுதானிய ஆண்டுன்னு ஐநா அறிவிச்சதுல இருந்து இந்த மாதிரிக் கடை மழைக்காளான் மாதிரி மொளச்சிருக்கு. ராகி நூடுல்ஸ், கம்பு பேன்கேக்கு, குடிக்க ராகி மால்ட்டு, ரெண்டு பேருக்கு 620 ரூவா. பேன்கேக்கு மேல வெல்லப்பாகு ஆறா ஓடுது. மால்ட்டு மாவை சலிச்சு சலிச்சு மைதா மாதிரி நைஸாக்கி, சக்கரையப் போட்டு, ஸ்ட்ரா வெச்சுக் குடுத்தாங்க, ரெண்டே நிமிசத்துல டம்ளர் காலி. உக்கடம் பஸ் ஸ்டாண்டு வர்றதுக்குள்ள அவ "ஏனுங்க, பசிக்குது"ங்கறா. ராகி அதே ராகிதான. 1977லயே இங்கிலாந்துல ஆப்பிளை வெச்சு இதைப் பாத்துட்டாங்க, முழு ஆப்பிளா, மசிச்சதா, ஜூஸா மூணும் அதே மாவுச்சத்து அளவுக்குக் குடுத்ததுல முழுசா திங்க 17 நிமிசம், மசிச்சது 6, ஜூஸு ஒன்றரை நிமிசம், வயிறு ரொம்புன திருப்தியும் அதே வரிசைலதான் எறங்கிட்டே போச்சு. தானியம் நல்லதுன்னு சொல்லி அதை நைஸாக்கி இனிப்பாக்கி உறிஞ்சக் குடுத்தா பேருதான் மிச்சம். எனக்கென்னமோ அந்த 620 ரூவாய்ல 300 ரூவா பெயின்ட்டுக்கும் ஏசிக்கும் போயிருக்கும்.

சரி, நானே நம்பித் தின்னதால அக்கா கடை களி தாங்குச்சோன்னு ஒரு சந்தேகமும் வந்துச்சு. ஏன்னா இங்கிலாந்துல பிரிஸ்டல் யுனிவர்சிட்டில 2012ல ஒரு வேலை பண்ணிருக்காங்க, சூப்பு கிண்ணத்துக்கு அடியில கண்ணுக்குத் தெரியாம குழாய் வெச்சு, சிலருக்கு 300 மில்லி காட்டி 500 குடிக்க வெச்சு, சிலருக்கு 500 காட்டி 300 மட்டும் குடிக்க வெச்சு. ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சுக் கேட்டா, பசி அடங்குன உணர்வு குடிச்ச அளவை வெச்சு வரல, கண்ணால பாத்த அளவை வெச்சு வந்திருக்கு. அப்ப அந்த பெரிய எவர்சில்வர் வட்டலும் தேங்காய் அளவு உருண்டையும் கண்ணுக்கே பாதி வயிறு ரொப்பிருமில்ல. அதுபோக பசிக்கு நேரக் கணக்கு வேற இருக்குது, வழக்கமா திங்கற நேரம் வந்தா கிரெலின்னு ஒரு ஹார்மோன் தானா ஏறுமாம், எனக்கு ரெண்டு வருசமா பதினோரு மணி பெல்லுதான் அலாரம்.

அதனால ஒன்னும் சொல்லாம எங்க லைன்ல இருக்கற ஒடிசா பையனைக் கூட்டிட்டுப் போனேன். நல்லா பெரிய தீனிக்காரன், பத்தரைக்கே பாக்கெட்ல இருந்து பிஸ்கட் எடுக்கறவன். கூழு சொம்பை வாங்கி ஒரு வாய் குடிச்சவன் நிமிந்து பாத்து "அண்ணா, இது எங்க ஊர்ல மண்டியா"ன்னான். அவன் கோராபுட் பக்கமாம், அங்கயும் ராகிதான் சாப்பாடாம், மண்டியாம்பாங்களாம். அன்னிக்கு கூழுல ராகியும் கலந்திருந்துச்சு, நாக்கு கண்டுபுடிச்சிருச்சு பாருங்க. ரெண்டாவது சொம்பு வாங்குனான், அக்கா அதுக்குக் காசு வாங்கல. பதினோரு மணிக்கு அவன் டீ குடிச்சான், பிஸ்கட்டுப் பாக்கெட்டு அப்படியே இருந்துச்சு. நம்பி வந்தவன் இல்லதான், ஆனா ஊரு ஞாபகத்துல குடிச்சவன், இதையும் சோதனைன்னு சொல்ல முடியாது போங்க.

பரோட்டாக்காரங்க சண்டைக்கு வர்றதுக்குள்ள ஒன்னு சொல்லிடறேன். நாலு பரோட்டா சால்னா ஊத்தித் தின்னா மத்தியானம் வரைக்கும் பசிக்காதுதான், நானும் பாத்தேன், 1.15. ஆனா அது தாங்கறது இல்லீங்க, திம்முன்னு இருக்கறது. நம்ம பாசைல ரெண்டுக்கும் வேற வேற வார்த்தை இருக்குதே. எண்ணெய் வயித்தை காலியாக விடாம புடிச்சு வெக்குது, அதுல மந்தம் வருது, கண்ணு சொருகுது, பத்து மணிக்கு நான் பாஸ் பண்ண பீஸ்ல மூணு திரும்பி வந்துச்சு. கலோரியும் களி உருண்டைக்கு மூணு மடங்கு. தாங்கறதுன்னா வயிறு இருக்கறதே தெரியக் கூடாது, கம்முன்னு கெடக்கோணும்.

கொறைன்னா இருக்குது, நெறையவே. கொள்ளு கடைசல்ல வாரத்துக்கு ரெண்டு நாள் உப்பு தூக்கலா இருக்கும், சொன்னா "நேத்து கம்மின்னீங்க"ங்குது. ஒக்கார எடம் எட்டு பேருக்கு, ஏழே முக்கால்ல இருந்து எட்டேகால் வரைக்கும் நின்னுகிட்டுத்தான் திங்கோணும், களிய நின்னுகிட்டுத் தின்னு பாருங்க தெரியும். கை கழுவற தண்ணி டிரம்முல இருக்கு, சோப்பு இருந்தா அதிர்ஷ்டம். பார்சல் வாங்காதீங்க, சுடச்சுட களிய பிளாஸ்டிக் கவர்ல போட்டுத் தருது, நான் நாலு தடவ சொல்லியாச்சு, இப்ப நானே எங்கூட்டு போசிய எடுத்துட்டுப் போயிடறேன். ஆறுன களி கல்லு மாதிரி ஆயிரும், அதை ராவு தண்ணில போட்டு வெச்சு காலைல மோரு ஊத்திக் கரைச்சுக் குடிக்கலாம், அது தனி ருசி. ஒன்பதரைக்கு மேல போனா களி தீந்துரும், கூழு மட்டும் பன்னெண்டு வரைக்கும். ஞாயித்துக்கெழமை லீவு. ஜிபே இருக்கு, ஆனா அந்த போனு அக்கா பையன் கூட ஸ்கூலுக்குப் போயிரும், சில்லறை கொண்டு போங்க.

சக்கரை இருக்கறவங்க களி எவ்வளவு தின்னாலும் ஒன்னும் ஆகாதுன்னு கடைல ஒக்காந்திருக்கற பெருசுங்க சொல்லுவாங்க, கேக்காதீங்க. ராகியும் மாவுச்சத்துதான், அளவு இருக்குது, ஒங்க டாக்டரைக் கேட்டுக்குங்க.

மார்க்கு: தாங்கறதுக்கு அஞ்சுக்கு அஞ்சு, ருசிக்கு மூணரை (அரிசிம்பருப்பு போடற செவ்வாயும் வெள்ளியும் மட்டும் நாலரை), எடத்துக்கு ரெண்டு. பேக்கரிக்குப் போறது வாரத்துக்கு ஒரு நாளா கொறஞ்சிருக்கு, முழுசா விட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன், அந்தத் தேங்காய் பன்னு பசிக்கா திங்கறது.

எழுதி முடிச்சு போஸ்ட் பண்றதுக்குள்ள ஒரு அப்டேட்டு: திங்கக்கெழமைல இருந்து களி 45 ரூவாயாம். ஏங்க்கான்னு கேட்டேன், "எல்லாரும் முட்டை வேண்டாம் உருண்டை பெருசா வேணுங்கறீங்க கண்ணு"ன்னுச்சு. உருண்டையும் கொஞ்சம் பெருசாத்தான் இருந்துச்சு, இல்ல எனக்குத்தான் அப்படித் தெரிஞ்சுதோ என்னமோ.